பயிற்றுநர் ரஹீம்

கால்பந்துப் பயிற்றுநர் என்றவுடன் ஐரோப்பியர் பெயர்களையே சொல்லிப் பழகிய நம் மாணவர்கள், ஐதராபாத் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீமையும் அறிதல் வேண்டும். 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றுவித்தவர் அவர். 1951இல் தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் கிட்டியது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

அவர்தம் நுண்ணறிவு முழுமையாக வெளிப்பட்டது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில்தான். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. பின்னர், தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையலிட நேர்ந்தது. ரஹீமோ அவரை முன்வரிசைத் தாக்குநராக்கினார், துணிச்சலான முடிவுதான்! செப்டம்பர் 4 அன்று, இறுதியாட்டத்தில், அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. ஒரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது, மற்றொன்று ஜர்னைல் சிங் அடித்தது.

அந்நாளிலேயே புற்றுநோய் ரஹீமை வாட்டிக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11இல் அவர் மறைந்தார். ஆசியப் போட்டியின் கால்பந்துத் தங்கம் அதன்பின் இந்தியாவிற்கு வாய்க்கவில்லை.