மின் போறணையும் மாரி ஈரமும்

வன்னியில் மாரிமழை ஒக்டோபரில் தொடங்கி ஆண்டு முடியும்வரை நிலத்தையும் சுவரையும் ஊறவைக்கிறது. புளியங்குளம் போன்ற ஊர்களின் வீடுகளில் மாதக்கணக்காக மூடிக்கிடக்கும் மின் போறணை, நத்தார், புதுவருடக் கேக்கிற்காக அந்த ஈரத்தின் உச்சத்திலேயே மின்னோடு இணைக்கப்படுகிறது. இணைத்த மாத்திரத்தில் வீடு முழுவதும் இருண்டுபோவதற்கு, அதாவது ‘ட்ரிப் விழுவதற்கு’, இதைவிடப் பொருத்தமான சூழல் வேறில்லை.

ட்ரிப் சுவிட்ச் எனப்படும் கருவி, உயிர்க்கம்பி வழியே போகும் மின்னோட்டத்தையும் நொதுமற்கம்பி வழியே திரும்பும் மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 30 மில்லி அம்பியரை எட்டினால் இணைப்பை அறுத்துவிடுகிறது. 2000 வாற் போறணை 230 வோல்ற் வழங்கலில் 9 அம்பியர் அளவில் இழுப்பது அதற்கு ஒரு பொருட்டன்று. அளவுமீறிய சுமையைக் கவனிப்பது பக்கத்திலுள்ள சிறு பிரேக்கரின் வேலை. ஆகவே விழுந்தது எது என்று முதலில் பார்ப்பதே பாதித் தேடலை முடித்துவிடும்: பிரேக்கர் விழுந்தால் சுமையோ குறுஞ்சுற்றோ காரணம், ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மின்சாரம் எங்கோ நிலத்திற்கு ஒழுகுகிறது.

போறணையில் அந்த ஒழுக்கு பெரும்பாலும் சூடாக்கும் கம்பியிலேயே பிறக்கிறது. உலோகக் குழாயின் நடுவே நைக்குரோம் சுருளை வைத்து, சுற்றிலும் மகனீசியம் ஒட்சைட்டுத் தூளை இறுக்கி நிரப்பியே அதைச் செய்கிறார்கள். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அத்தூளுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் உண்டு. குழாய் முனைகளின் அடைப்பு தளர்ந்திருந்தால் மாரி முழுவதும் ஈரம் உள்ளே ஏறி, மின்காப்பு பல மெகா ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம்களுக்கு இறங்கிவிடும்; அது 7700 ஓம் அளவுக்குக் குறைந்தாலே 230 வோல்ற்றில் 30 மில்லி அம்பியர் கசிந்துவிடும். ஈரத்தால் வந்த பழுது உலர்த்தினால் தீர்வதுண்டு. குழாய் வெடித்து வந்த பழுது அவ்வாறு தீராது. சூடேறி உலோகம் விரிந்த பின்னரே ட்ரிப் விழுமாயின் வெடிப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த நிலையிலும், செருகியைச் செருகியவுடன் விழுமாயின், அந்தச் சுவிட்ச் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிப்பதால் நொதுமற்கம்பி போறணையின் உடலைத் தொட்டிருக்கக்கூடும்.

இவ்வளவையும் தேடப் பொறுமையற்றவர்கள் கையாளும் குறுக்குவழியே இங்கு உண்மையான கவலைக்குரியது. செருகிக்குள் இருக்கும் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால், அல்லது ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுத்தால், போறணை ‘சரியாகிவிடுகிறது’. போர்க்காலத்தில் பல்லாண்டுகள் தேசிய மின்வலைக்கு வெளியே இருந்து, 2009க்குப் பின்னரே கம்பிகள் மீண்டும் இழுக்கப்பட்ட பகுதியில், மின்சாரத்தோடு பழகிய காலம் குறுகியது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையின் வீடுகள் பெரும்பாலும் தத்தமது முற்றத்தில் அறைந்த எர்த் கம்பியையே நம்பியுள்ளன. அதன் தடை 100 ஓம் என்று கொண்டால், போறணையின் உடலில் முழு மின்னழுத்தம் ஏறினாலும் நிலத்திற்குப் பாய்வது 2.3 அம்பியர் மட்டுமே, 16 அம்பியர் பிரேக்கர் அதை உணரவே உணராது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத அந்த வீட்டில் போறணை தொடர்ந்து சூடேறும், கேக்கும் வேகும். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் பாயும், அதை அறுக்க எதுவும் இராது. ட்ரிப் சுவிட்ச் இருந்து, செருகியின் எர்த் கம்பி மட்டும் அகற்றப்பட்டிருந்தால், பழுதைக் கருவிக்கு முதலில் காட்டிக்கொடுப்பது மனித உடலாகவே இருக்கும்.

பழைய ட்ரிப் சுவிட்சுகள் காரணமின்றியும் விழுவதுண்டு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது; அதற்கு வழி புதியதை மாற்றுவது. ஆனால் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுவதைக் கண்டு எல்லாம் சரி என்று ஆறுதலடைவோர் ஒன்றை மறக்கின்றனர்: அப்பொத்தான் சுவிட்சின் பொறியை மட்டுமே சோதிக்கிறது, முற்றத்து எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது விழத்தான் செய்யும்.

வீட்டின் ஏனைய கருவிகளை, குறிப்பாகக் கிணற்று மோட்டரையும் குளிர்சாதனப் பெட்டியையும், கழற்றிவைத்து ஒவ்வொன்றாக மீளச் செருகிப் பார்ப்பது வீட்டார் செய்யக்கூடிய சோதனை. பல சிறு கசிவுகள் சேர்ந்தும் 30 மில்லி அம்பியரை எட்டலாம். அதற்கு அப்பால் தேர்ந்த மின்னியலாளர் தேவை. சில வோல்ற் மின்கலத்தில் இயங்கும் சாதாரண மீற்றர் ஈரக் கசிவைத் தவறவிடக்கூடும் என்பதால், அவர் சூடாக்கும் கம்பியின் இணைப்புகளைக் கழற்றி, அதன் முனைக்கும் குழாய்க்கும் இடையே மின்காப்பை அளக்கும் 500 வோல்ற் மெகர் கொண்டு அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழிருந்தால் அதைக் கழற்றி மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் அளப்பதும், ஏறாவிட்டால் மாற்றிவிடுவதும் முறை. முற்றத்து எர்த் கம்பியை அளக்க மட்டும் மாரி உகந்ததன்று. ஈர மண்ணில் நல்ல அளவைக் காட்டும் அதே கம்பி, ஓகஸ்ட் வறட்சியில் நிலம் காய்ந்தபின் பன்மடங்கு தடையைக் காட்டக்கூடும் என்பதால், அந்த அளவீட்டைக் கோடையிலேயே எடுக்க வேண்டும்.