மாடி விமானம் ஏன் விலை போகவில்லை?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வரும் பஸ்ஸில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். வண்டியில் நாலு பேர் இருந்தாலும் எண்ணெய் எரிந்துகொண்டுதான் இருக்கும். செம்மேட்டில் நம் வகுப்பு மாணவன் ஒருவன், "இரண்டு மாடி வைத்த ஏ380 விமானத்தை ஏன் ஸார் நிறுத்திவிட்டார்கள்?" என்று கேட்டபோது, நமக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

ஏர்பஸ் கம்பெனியாரின் அந்த விமானம் 2007-இல் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. 251 மட்டுமே விற்று, 2021-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. முதலில் பறந்தவற்றில் இரண்டை, பத்தாண்டு உழைப்புக்குப் பின் எடுத்துக்கொள்ள ஆளின்றி, பிரான்ஸில் பிரித்தே போட்டுவிட்டார்கள். போயிங் கம்பெனியாரின் 777-ஓ, 1995 முதல் 1,700-க்கு மேல் விற்றிருக்கிறது. பிரயாணிகளைக் கேட்டால் ஏ380-ஐத்தான் சிலாகிப்பார்கள். ஆனால் விமானம் வாங்குகிறவர் பிரயாணி அல்லவே! வாங்குகிறவர் பார்ப்பது இஞ்சினை. ஏ380-க்கு நான்கு; 777-க்கு இரண்டு. நான்கு இஞ்சினைப் பராமரிக்கும் செலவை, நிரம்பாத ஆசனங்கள் எப்படிக் கொடுக்கும்?

"747-க்கும் நான்கு இஞ்சின்தானே? அது 1,574 விற்றதே!" என்று புத்திசாலி வாசகர் நம்மை மடக்கலாம். நியாயமான கேள்வி. 1971-இல் ஏர் இந்தியா, ஜன்னல்களைச் சுற்றி அரண்மனைச் சாளரம்போல் சித்திரம் தீட்டிய 'எம்பரர் அசோகா'வை வரவழைத்தபோது, அத்தனை பேரை அவ்வளவு தூரம் கொண்டுபோக வேறு விமானமே கிடையாது. இரட்டை இஞ்சின் விமானமோ, இறங்கத்தக்க நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அப்பால் போகக்கூடாதென்று அந்நாளில் அமெரிக்காவில் விதி இருந்தது. அவ்விதி 1985-இல் இரண்டு மணியாகவும், 1988-இல் மூன்று மணியாகவும் தளர்ந்தது. சமுத்திரம் தாண்ட இரண்டு இஞ்சினே போதும் என்றான பிறகு, நான்கிற்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஏர்பஸ்ஸாரின் ஏ340-உம் இப்படித்தான் 777-இடம் தோற்று 377-உடன் நின்றது.

நம் தேசத்தில் கிங்ஃபிஷர் கம்பெனியார் 2005-இல் ஐந்து ஏ380-க்கு ஆர்டர் கொடுத்தனர். ஒன்றும் வந்து சேரவில்லை. 2012-இல் கம்பெனியே பறப்பதை நிறுத்திற்று. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமானங்களில் பெரியவை 70. அத்தனையும் இரட்டை இஞ்சின்.

ஏ380-ஐ நிரப்பத் தெரிந்தவர்களும் உண்டு. துபாயின் எமிரேட்ஸ் மட்டும் 123 வாங்கியது. பல தேசத்தாரையும் ஒரே ஊரில் கூட்டி, வண்டி மாற்றி ஏற்றுகிற வியாபாரம் அது. நேரே போக விரும்புகிறவர்களை வைத்துப் பிழைக்கும் கம்பெனிக்கு, தினந்தோறும் ஐந்நூறு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பையன், "இருந்தாலும் நான் மாடியில்தான் ஸார் உட்காருவேன்" என்றான். உள்ளதைச் சொன்னால், நாமும் அப்படித்தான்.