சுப்பிரமணியம் எப்படிச் சுப்பிரகவிதாயம் ஆனார்?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் கோப்புறையில் இவ்வாண்டு நிகழ்ச்சிகளுக்கான அறிவிப்புகள் 60 கோப்புகளாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் மணி வேறு பள்ளிக்கு மாறிவிட்டார். புதிய செயலாளர் கவிதா. எல்லாக் கோப்புகளிலும் பெயரை மாற்ற வேண்டும்.

ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஒரே வரிக் கட்டளையில் சில விநாடிகளில் முடித்துவிடலாம். ஆனால், கவனமில்லாமல் செய்தால் "மாலை 3 மணிக்கு" என்பது "மாலை 3 கவிதாக்கு" என்றாகும். ஆசிரியர் சுப்பிரமணியம், சுப்பிரகவிதாயம் ஆகிவிடுவார்!

ஓர் இரவில் பிறந்த கருவி

தேடும் வேலைக்கு உதவும் புகழ்பெற்ற கருவி கிரெப். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்திற்காக இது உருவானது.

அங்குப் பணியாற்றிய லீ மெக்மேன், 1787, 1788ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மொத்தம் 85 கட்டுரைகள். எழுதியவர்கள் மூவர். ஆனால், எல்லாம் ஒரே புனைபெயரில் வந்ததால், சில கட்டுரைகளை யார் எழுதினார் என்ற சர்ச்சை இருந்தது. சொற்களைத் தேடி ஒப்பிட்டால் விடை கிடைக்கலாம். ஆனால், அன்றைய ஈடி என்ற உரைத்தொகுப்பியால் அவ்வளவு பெரிய உரையைக் கையாள முடியவில்லை.

யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், ஈடியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே இரவில் தனிக் கருவியாக்கினார் என்று அவருடன் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் கூறியுள்ளார். அது உரை முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், வரி வரியாகப் படித்து, தேவையான வரியை மட்டும் காட்டியது. அதனால் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் சிக்கல் இல்லை. பின்னர் மெக்மேன், அதே வரி வரியான முறையில் உரையை மாற்றும் செட் என்ற கருவியை எழுதினார்.

தேடுவது எப்படி?

மேக், லினக்ஸ் கணினிகளில் இவ்விரண்டும் இன்றும் உள்ளன. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கருவியின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். அடுத்து மேற்கோள் குறிகளுக்குள் தேடும் சொல், அதன்பின் கோப்பின் பெயர். அவ்வளவுதான். அச்சொல் உள்ள வரிகள் எல்லாம் திரையில் வரும். இடையில் கழித்தல் குறியுடன் என் எழுத்தைச் சேர்த்தால் வரி எண்ணும் தெரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இக்கருவிகள் எளிய உரைக் கோப்புகளுக்கானவை. வேர்ட் ஆவணங்களில் இவை சரியாக வேலை செய்யா.

மாற்றுவது எப்படி?

செட் கருவிக்கான கட்டளை இப்படி அமையும்:

எஸ்/பழைய சொல்/புதிய சொல்/ஜி

எஸ் என்பது "மாற்று" என்பதைக் குறிக்கும். கடைசியில் உள்ள ஜி இல்லாவிட்டால், ஒவ்வொரு வரியிலும் முதலில் வரும் சொல் மட்டுமே மாறும். கட்டளையில் இவ்விரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவே எழுத வேண்டும்.

செட் வழக்கமாக மாற்றிய உரையைத் திரையில்தான் காட்டும், கோப்பைத் தொடாது. கழித்தல் குறியுடன் ஐ எழுத்தைச் சேர்த்தால்தான் கோப்பே மாறும். அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பப் பொத்தான் எதுவும் கிடையாது.

கணினிக்குச் சொல் தெரியாது

நமக்கு மணி என்பது ஒரு பெயர். கணினிக்கோ அது குறியீடுகளின் வரிசை மட்டுமே. அந்த வரிசை எங்கிருந்தாலும், பெரிய சொல்லின் நடுவில் இருந்தாலும், அது பிடித்துவிடும். தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. யூனிகோடில் "ணி" என்ற எழுத்து, "ண" என்றும் இகரக் குறி என்றும் இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதனால் "மண" என்று தேடினால் மணம், மணல், மணி, மண் எல்லாமே வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு, தேடலைத் துல்லியமாக்குவதுதான். "மணி" என்பதற்குப் பதில் "செயலாளர் மணி" என்று தேடினால், கடிகார மணியும் சுப்பிரமணியமும் தப்பித்துவிடுவார்கள். நேரத்தை மட்டும் தேட வேண்டுமா? "[0-9] மணி" என்று கொடுங்கள். சதுர அடைப்புக்குள் உள்ளது "ஏதேனும் ஓர் இலக்கம்" என்று பொருள்படும். இத்தகைய தேடல் வடிவங்களுக்கு அடித்தளமிட்டவர், 1950களில் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி.

மூன்று பழக்கங்கள்

முதலில், கோப்புறையை நகலெடுத்து வையுங்கள்.

இரண்டாவது, மாற்றும் முன் அதே சொல்லைக் கிரெப்பில் தேடி, வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். மாறக்கூடாத வரி ஒன்று தென்பட்டாலும் தேடலைத் திருத்துங்கள்.

மூன்றாவது, மாற்றிய பின் பழைய சொல்லை மீண்டும் தேடுங்கள். "செயலாளர் மணி" மாறியிருக்கும். ஆனால், "மணி, செயலாளர்" என்று எழுதப்பட்ட வரி அப்படியே இருக்கலாம். அதையும் கிரெப்தான் காட்டிக்கொடுக்கும்.

தேடுவதால் எந்தக் கோப்பும் கெடாது. மாற்றுவதால் 60 கோப்புகளும் ஒரே நொடியில் கெடலாம். எனவே பத்து முறை தேடுங்கள். ஒரு முறை மாற்றுங்கள்.