அச்சமும் மருட்கையும்

பேய் வரும் கதைகள் அனைத்தையும் ஒரே வகையுள் அடக்குதல் நம்மிடையே வழக்கமாக உள்ளது. தொல்காப்பியர் அவ்வாறு அடக்கவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தை வேறாகவும் மருட்கையை வேறாகவும் வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அச்சத்தின் நிலைக்களன்கள். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கையின் நிலைக்களன்கள்.

மணிமேகலையில் இரண்டையும் காண்கிறோம். தெய்வம் தலைவியை மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்கிறது. அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அக்காப்பிய உலகில் இவை இயல்பே. ஆதலின் நாம் வியக்கிறோம், அஞ்சுவதில்லை. அந்நூலிலேயே சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே சுடுகாட்டினுள் நுழைகிறான். பிணத்தலையை ஏந்தியாடும் பேயைக் கண்டு, தாயிடம் ஓடிவந்து சொல்லி உயிர் விடுகிறான். இங்கு நம் நெஞ்சு நடுங்குகிறது.

புதுமைப்பித்தனும் இவ்விரு வழிகளிலும் எழுதினார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னையில் காப்பி அருந்துகிறார், எவரும் அஞ்சவில்லை. 'காஞ்சனை'யிலோ வேலைக்கு வந்த பெண் யாரென்னும் ஐயம் இறுதிவரை தீரவில்லை. ஆகவே வேறுபாடு பேயில் இல்லை. அற்புதக் கதை தனக்கென ஓர் உலக ஒழுங்கைப் படைக்கிறது. அச்சக் கதை நாம் நம்பி வாழும் ஒழுங்கை உடைக்கிறது.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. சார்ங்கலனின் உயிரைக் கொண்டது பேயன்று, ஊழ்வினையே என்று சம்பாபதித் தெய்வம் அவன் தாய்க்கு உரைக்கிறது. கதையில் அஞ்சுதல் சுவை. அக்கதையை மெய்யெனக் கொண்டு, மனநோயுற்றாரை மருத்துவரிடம் விடுத்துப் பேயோட்டுவாரிடம் கொண்டு செல்லுதல் கேடு. ஆலைகள் பெருகிய குருபரப்பள்ளிச் சுற்றுவட்டத்திலும் இதனை எடுத்துரைத்தல் தமிழ் பயில்வோர் கடனாகும்.