சோளிங்கர் என்று எழுதிய கொடி

ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு பழைய பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்ட். போரிட்டதற்காகத் தன் கொடியில் எழுதிக்கொள்ள அது உரிமை பெற்ற போர்க் கௌரவங்களின் பட்டியலில் ‘கர்நாடிக்’, ‘சோளிங்கர்’ என்று இரண்டு பெயர்கள் உண்டு. சோளிங்கர் என்றால் நமக்கு மலைமேல் இருக்கும் யோக நரசிம்மர். அந்த ரெஜிமென்டுக்கு 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியோடு நடந்த சண்டை. இதே இரண்டு பெயர்களைத் தன் கௌரவங்களாகப் பெற்ற இன்னொரு லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. அதன் பெயர் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. முதலாவதற்கு இன்றும் வாரிசுப் பட்டாலியனும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டாவதன் பெயரைப் பாளையங்கோட்டையிலேயே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஒன்று நன்றாகப் போரிட்டது, மற்றது சரியாகப் போரிடவில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் சொன்னார்கள். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ஒரு படையின் பாரம்பரியம் போர்க்களத்தில் தொடங்கினாலும் அது நிலைப்பதும் அழிவதும் ஆவண அறையிலும் ஆள்சேர்ப்புக் கொள்கையிலும்தான் என்பதே என் வாதம்.

லைட் இன்ஃபன்ட்ரி என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் காலாட்படை வரிசை கட்டி நின்று, கட்டளைக்கு ஒரே நேரத்தில் சுடும் படை. தனியாளின் குறிக்கோ மூளைக்கோ அதில் பெரிய வேலை இல்லை. வட அமெரிக்கக் காடுகளில் பிரெஞ்சுக்காரர்களோடும் அங்குள்ள பழங்குடியினரோடும் மோதியபோது, இந்த வரிசை எளிதாகச் சுடப்படும் இலக்காகிவிட்டதைப் பிரிட்டிஷ் தளபதிகள் கண்டார்கள். முதன்மைப் படைக்கு முன்னால் சிதறிப் போய், மரத்தையும் வரப்பையும் மறைவாகக் கொண்டு, குறிபார்த்துச் சுட்டு, சூழ்நிலைக்கேற்பத் தானே முடிவெடுக்கும் வீரர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். முதலில் இது ஒவ்வொரு ரெஜிமென்டிலும் ஒரு கம்பெனியின் வேலையாக இருந்தது. 1803-க்குப் பிறகு இங்கிலாந்தின் ஷோர்ன்கிளிஃப் முகாமில் ஜான் மூர் முழு ரெஜிமென்டுகளையே இந்த முறையில் பழக்கினார். முரசுச் சத்தம் சிதறி நிற்பவர்களை எட்டாது என்பதால் பியூகிள் வந்தது. அந்தக் கொம்பே சின்னமும் ஆயிற்று. நிமிடத்துக்கு 140 எட்டு வைக்கும் வேக நடை அவர்களின் அடையாளமானது. தேவையிலிருந்து பிறந்த பழக்கங்கள் பின்னாளில் அணிவகுப்பு அழகாக மாறிய கதை இது.

நம் ஊர்க்கதை இதற்கு முன்பே தொடங்குகிறது. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியின் மூத்த பட்டாலியன் 1777-ல் மெக்லியாட் பிரபு திரட்டிய 73-ஆவது ரெஜிமென்ட். 1780 தொடக்கத்தில் சென்னையில் வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்தார்கள். உதவிக்கு அனுப்பப்பட்டிருந்த 73-இன் இரண்டு கம்பெனிகளும் அதில் சிக்கின. அங்கே பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்த டேவிட் பெயர்டுதான் 1799-ல் அந்தக் கோட்டைமீது நடந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். எஞ்சிய ரெஜிமென்ட் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையிலும், பிறகு சோளிங்கரிலும், 1783-ல் கடலூரிலும் போரிட்டது. செஞ்சிப் பக்கத்திலிருந்து கிளம்பினால் இந்தக் களங்களில் எதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். 1786-ல் ரெஜிமென்டின் எண் 71 ஆனது. 1809-ல்தான் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பட்டம் கிடைத்தது. அதாவது இந்த ரெஜிமென்ட் முதலில் பெயர் சம்பாதித்தது தமிழ் மண்ணில். பட்டம் வந்தது ஒரு தலைமுறை கழித்து.

இந்தச் சண்டைகள் எதையும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தனியாக நடத்தவில்லை. பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நடத்திச் சென்ற படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். அவர்களின் பட்டாளங்கள் 1758, 59 வாக்கில் முறையாக அமைக்கப்பட்டன. பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியின் தொடக்கம் 1759-ல் திரட்டப்பட்ட 4-ஆவது கடற்கரைச் சிப்பாய்ப் பட்டாலியன். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டிருந்த அந்த நாள்களில், சிப்பாய்களின் தலைவனாக இருந்த யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறியும் அதே மனிதர், நாட்டுப்புறத்தில் சுற்றி வந்து பிரெஞ்சுக்காரர்களின் உணவு வண்டிகளைத் தாக்கி முற்றுகையைத் தளரச் செய்தார். மூர் தன் பாடத்திட்டத்தை வகுப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, லைட் இன்ஃபன்ட்ரி செய்ய வேண்டிய வேலையை எந்தப் பட்டமும் இல்லாமல் இங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். பாளையங்கோட்டை, வாலாஜாபாத், திருச்சிராப்பள்ளி என்று நம் ஊர்ப்பெயர்களோடு மதராஸ் படையில் லைட் இன்ஃபன்ட்ரிகள் உருவானது அதற்குப் பிறகுதான்.

சிப்பாய்களின் பங்குக்கு எடுத்துக்காட்டாகச் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். 1750 செப்டம்பரில் ஓர் இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை அதைப் பிடித்தது. 1752-ல் ஆங்கிலேயர்கள் மேஜர் கின்னீரை அனுப்பி மீட்கப் பார்த்தார்கள்; அவர் கோட்டையின் வலுவைக் கண்டு திரும்பி, விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றார். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்த பிறகும் செஞ்சி நின்றது. காவலுக்குத் தலைவராக இருந்த மெக்ரெகர், பிரெஞ்சுக்காரர்களிடம் பணிபுரிந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். லட்சம் பேரோடு வந்தாலும் இந்த மலைகளைப் பிடிக்க முடியாது என்ற தொனியில் அவர் பதில் அனுப்பியதாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். முற்றுகையிட்ட ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் படை பெரும்பாலும் சிப்பாய்கள். அவர்கள் இரவில் ஏணி வைத்துக் கீழ்க்கோட்டையில் ஏறினார்கள். பிறகு ஒரு குன்றையும் எதிர்பாராத நேரத்தில் கைப்பற்றினார்கள். ஏப்ரல் 5 அன்று மெக்ரெகர் சரணடைந்தார். அதற்குள் செஞ்சியின் காய்ச்சல் 300 சிப்பாய்களைக் கொன்றுவிட்டிருந்தது. பத்தாண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் 1,200 ஐரோப்பியர்களை அங்கே இழந்தார்கள் என்பதும் ஓர்ம் தரும் கணக்கே. ஸ்மித்தின் பெயர் நூலில் இருக்கிறது, மெக்ரெகரின் பெயரும் இருக்கிறது. ஏணியில் முதலில் கால்வைத்த சிப்பாயின் பெயர் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் நினைவை எப்படிக் காத்தார்கள் என்று கவனிக்கலாம். பரங்கிப்பேட்டையில் குண்டுமழைக்கு நடுவே நிறுத்தாமல் வாசித்த பைப் கலைஞனுக்கு, வெள்ளிப் பைப் வாங்கிக்கொள்ளும்படி அயர் கூட் 50 பவுண்டு கொடுத்தார் என்பது அந்த ரெஜிமென்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதை. 1881-ல் 71-ஆவது ரெஜிமென்டும் 74-ஆவது ரெஜிமென்டும் ஒன்றாகி ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆனபோது, 1803-ல் அசாயியில் போரிட்ட 74-இன் தனிக் கொடியும் புதிய குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. சொத்தைப் போலவே பெருமையையும் பாகம் பிரித்து, பத்திரம் எழுதி, வாரிசுக்குக் கொடுத்தார்கள். இதில் மாற்றங்கள் இல்லாமல் இல்லை. லைட் இன்ஃபன்ட்ரி ஆனதால் அவர்கள் ஹைலேண்டின் கில்ட்டை இழந்து கட்டம்போட்ட கால்சட்டைக்கு மாறினார்கள். கில்ட் திரும்பக் கிடைத்தது 1948-ல்தான். 1959-ல் ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸோடு இணைக்கப்பட்டு ராயல் ஹைலேண்ட் ஃப்யூசிலியர்ஸ் ஆனார்கள்; 2006-ல் அதுவும் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தின் 2-ஆவது பட்டாலியன் ஆயிற்று. பெயர் நான்கைந்து முறை மாறியும் சரடு அறுபடவில்லை. அறுபடாமல் பார்த்துக்கொள்ள அரசாணை இருந்தது, பணம் இருந்தது, அக்கறையும் இருந்தது.

மதராஸ் பட்டாளங்களுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 1857 வாக்கில் 52 ரெஜிமென்டுகளாக இருந்தது மதராஸ் காலாட்படை. 1881 முதல் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்து, 1885-ல் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், நீண்ட கால அமைதியில் தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். போர்ச் சாதிகள் என்ற கோட்பாடு ராணுவக் கொள்கையானது. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் மேலே போனார்கள், தமிழரும் தெலுங்கரும் பட்டியலிலிருந்து உதிர்ந்தார்கள். திருச்சிராப்பள்ளி லைட் இன்ஃபன்ட்ரி பர்மாவுக்கு அனுப்பப்பட்டது. அதில் பஞ்சாபிகள் சேர்க்கப்பட்டு 1903-ல் 91-ஆவது பஞ்சாபிஸ் ஆனது. 1922-ல் அது 8-ஆவது பஞ்சாப் ரெஜிமென்டில் சேர்ந்தது; 1947-ல் பாகிஸ்தானுக்குப் போனது; இன்று அந்நாட்டு பலூச் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன். காவிரிக்கரையில் பிறந்த படையின் வாரிசுரிமை அங்கே இருக்கிறது. பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. 1920-களின் முடிவுக்குள் மதராஸ் ரெஜிமென்டே இல்லாமல் போயிற்று.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில், அப்போது 63-ஆவது என்ற எண் பெற்றிருந்த பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் குலைந்து பின்வாங்கியது. அது உண்மை. ராபர்ட்ஸ் சொன்னது சரிதானே என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் அந்தச் சண்டையில் குலைந்தது அந்தப் பட்டாளம் மட்டும் இல்லை. முந்தின நாள் தாக்குதலில் பின்வாங்கியவர்களில் 13-ஆவது ராஜபுத்திரப் படையினரும் உண்டு. ராஜபுத்திரர்கள் போர்ச் சாதிப் பட்டியலில் முன்வரிசைக்காரர்கள். பல வாரங்கள் கப்பலில் அடைபட்டுக் கிடந்த ஆள்களை ஒழுங்காக உளவு பார்க்காமல் கரையிறக்கி, தெரியாத புதருக்குள் அனுப்பியவர் ஜெனரல் ஐட்கன். சுமார் 8,000 பேரை, ஆயிரத்தை ஒட்டிய எதிரிகள் விரட்டினார்கள் என்றால் பிழை எங்கே என்று தெரிந்துகொள்ள ராணுவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. மேலும், 30 ஆண்டுகளாக நல்ல ஆள்களையும் நல்ல அதிகாரிகளையும் வேறு ரெஜிமென்டுகளுக்குத் திருப்பிவிட்டு, பிறகு இந்தப் படை தேறவில்லை என்று சொல்வது கொள்கையே உண்டாக்கிய விளைவைக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவதாகும். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941-ல் அதே அரசு மதராஸ் ரெஜிமென்டை மறுபடி திரட்டியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓர் இனத்தின் போர்க்குணம் போய் மீண்டும் வந்துவிட்டதா என்ன?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்துக்கு ஹைதரையும் திப்புவையும், பிறகு பாளையக்காரர்களையும் எதிர்த்துப் போரிட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்? சுதந்திர இந்தியாவின் ராணுவம் இதற்குத் தன் பதிலைச் சொல்லிவிட்டது. நாட்டை அடிமைப்படுத்திய போர்களில் கிடைத்த கர்நாடிக், சோளிங்கர் போன்ற கௌரவங்களை இந்திய ராணுவம் கொண்டாடுவதில்லை. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஆனால் விழா எடுக்காமல் விடுவதற்கும் பதிவே இல்லாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் எழுந்தவர்களும் இதே மதராஸ் சிப்பாய்கள்தான். அடக்கப்பட்ட பிறகு அந்தப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. கம்பெனிக்காகச் சோளிங்கரில் நின்ற கூட்டத்திலிருந்தே கம்பெனிக்கு எதிரான முதல் பெரிய சிப்பாய் எழுச்சியும் வந்தது. முதல் பாதியைக் கிழித்துவிட்டால் இரண்டாம் பாதி விளங்காது. 73-ஐத் திரட்டிய மெக்லியாட் பிரபுவே 1745-ல் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிரான கலகத்தில் வாளெடுத்து, பின்னர் மன்னிப்புப் பெற்றவர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வென்றவனின் படையில் சேர்ந்த தோற்ற நாட்டுக்காரர்கள் என்ற நிலை ஹைலேண்ட்காரர்களுக்கும் உண்டு. அவர்களை ஸ்காட்லாந்து மறைத்து வைக்கவில்லை. கிளாஸ்கோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கம் எழுதியிருக்கிறது.

எல்லாமே அழிந்துவிட்டது என்று புலம்பவும் தேவையில்லை. இன்றைய மதராஸ் ரெஜிமென்டின் 4-ஆவது பட்டாலியன், 1794-ல் தோன்றிய வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரியின் பெயரை இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு அது தெரியாது. ரெஜிமென்டுக்குள் இருக்கும் நினைவு வெளியே மக்களிடம் வர வேண்டுமானால் அதைச் சொல்ல ஆள் வேண்டும். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிரே சில நூறு பேரோடு போய் மாண்ட தேசிங்கு ராஜனை செஞ்சி வட்டாரம் மறக்கவில்லை என்றால், அவனைப் பாட்டாகவும் கூத்தாகவும் சொல்ல ஆள்கள் இருந்ததுதான் காரணம். கம்பெனிச் சிப்பாய்க்குப் பாட்டு எழுத யாரும் வரவில்லை, வந்திருக்கவும் மாட்டார்கள். அவனுக்கு மிஞ்சியது சம்பளப் பட்டியலும் ஓய்வூதியக் கணக்கும்தான்.

2025 ஜூலையில் மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டை இது ஒன்றே. 1677-ல் வந்த சிவாஜி, 1690 முதல் எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய ராஜாராம் ஆகியோரைப் பற்றி இனி நிறைய எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். கூடவே 1761-க்கும் இரண்டு பத்தி ஒதுக்கும்படி தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் ராணுவத் துறைத் தொகுதிகள் இருக்கின்றன. விழுப்புரம், திருநெல்வேலி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, பாளையங்கோட்டைப் பட்டாளத்தின் ஆள்களை அங்கிருந்து தேடியெடுக்கத் தொடங்கலாம்.