மலைநாட்டுக்கு எந்தக் கமரா?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள் இரவு, தமிழ்நாட்டின் கூடலூரிலிருந்து என் அக்காளின் பேரன் தொலைபேசியில் அழைத்து, “தாத்தா, மாசி மாசம் அங்க வரலாம்னு இருக்கேன். சிவனொளிபாத மலை ஏறணும், பாட்டி பொறந்த தோட்டத்து லய வீட்டைப் பாக்கணும். புதுசா கேமரா ஒண்ணு வாங்கியிருக்கேன், லென்ஸெல்லாம் சேத்து மூணு லட்சம் ஆயிருச்சு. அதை எடுத்துட்டு வரவா, இல்ல செல்போனே போதுமா?” என்று கேட்டான். இதே கேள்வியைச் சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் இம்மலைகளைக் காண வருகின்ற நம்மவர் பலரும் கேட்பதாலும், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலே பிறந்து அறுபத்தைந்து வருஷங்களாக இந்த மழையிலும் பனியிலும் சீவித்து வருகின்ற எனக்கு இவ்விஷயத்தில் சொல்வதற்குச் சில அனுபவங்கள் உண்டாகையாலும், அவனுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தப் பிரதேசத்தில் கமராவுக்கு முதற் சத்துரு கள்வனும் அல்லன், கல்லும் அன்று, நீரே. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை நேரே வந்து மோதுவது எங்கள் மலைச்சுவரில்தான். ஹட்டனுக்குக் கீழே புகையிரதப் பாதையில் இருக்கின்ற வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அந்த மழை வானத்திலிருந்து விழுவதோடு நில்லாமல், சரிவிலே பக்கவாட்டாக அடித்து வந்து குடைக்குக் கீழேயே நுழைகிற மழையாகையால், கொழுந்தெடுக்கின்ற பெண்கள் குடையை நம்பாமல் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே மலைக்குப் போகிறார்கள். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களிலும் பகல் இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும்; மழை என்று எவரும் சொல்லாத அந்தப் பனியில் அரைமணி நேரம் நின்றால் தலைமயிரிலும் கம்பளியிலும் நீர்முத்துக்கள் கோத்துக்கொள்ளும். கமராவின் பொத்தான் இடுக்குகளிலும் அவ்வாறே கோத்துக்கொள்ளும்.

என்னிடம் பழைய பிலிம் கமரா ஒன்று இருந்தது. அதனிடத்து எனக்கிருந்த அளவற்ற மதிப்பினால் அதைத் தோலுறையிலிட்டு, அதன்மேல் துணி சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் திறவாமல் காப்பாற்றினேன். மழை விட்டபின் எடுத்து, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்திலே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலிலும் மெல்லிய வெண்ணிழைகள் கிளைத்துக் கிளைத்துப் படர்ந்திருக்கக் கண்டேன். துடைத்தேன், போகவில்லை. உள்ளே வளர்ந்ததை வெளியே துடைத்து என்ன பயன்?

அது பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு அறுபது, எழுபதைத் தாண்டி நாட்கணக்கில் நிலைத்து நிற்குமானால், இருளும் தோலுறையும் துணியும் அதற்கு உகந்த விளைநிலங்களாகிவிடுகின்றன. நாளடைவில் அது சுரக்கின்ற அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். இரண்டு வாரம் வந்து போகிறவரின் கமராவில் இங்கே இருக்கும்போதே பூஞ்சணம் வளர்வதில்லை. ஊருக்குத் திரும்பிய களைப்பில் ஈரப்பையை அப்படியே மூடி மூலையில் வைத்துவிடுகிறார்களே, அப்பொழுதுதான் அது வேர்விடுகிறது. பரிகாரத்தை எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்: வாட்டி, அரைத்து, நெருப்புச்சூட்டில் உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே மிஞ்சிய தேயிலையைக் காற்றுப் புகாத உறையிலே கட்டாமல் ஓர் இரவுகூட வெளியே விட்டுவைக்கமாட்டார்கள். கமராவையும் அவ்வாறே, முதலில் நன்றாக உலரவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியொன்றில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கவேண்டும். இதற்கு ஆகின்ற செலவு மிக அற்பம்.

சிவனொளிபாத மலையின் விஷயம் வேறு. மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரையில் யாத்திரைக் காலம். சிவபெருமானின் பாதமென்று நாமும், புத்தரின் பாதமென்று பௌத்தர்களும், ஆதமின் பாதமென்று முஸ்லிம்களும் வணங்குகின்ற அந்த 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறுவதற்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. சூரியோதயத்தைக் காண்பதற்காக நள்ளிரவுக்குப் பின் ஏறத்தொடங்கும் ஒருவருக்கு, ஒரு கமராவும் இரண்டு மூன்று லென்ஸுகளும் முக்காலியுமாகச் சேர்ந்த நான்கைந்து கிலோ பாரம், ஆயிரமாவது படியில் ஒன்றுமில்லை. நாலாயிரமாவது படியில் அதுவே அவருடைய யாத்திரை முழுவதுமாகிவிடும். உச்சியிலே கடுங்குளிரில் மின்கலம் சீக்கிரம் சோர்ந்துபோகும், ஆகையால் மேலதிக மின்கலத்தைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டிலே வைத்திருப்பது நல்லது. குளிரில் விறைத்த கமராவோடு ஆவி பறக்கின்ற தேநீர்க் கடைக்குள் நுழைந்தால், கடைக்காற்றில் உள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடியின் மேல் நீராகப் படியும், உள்ளேயும் படியும். நுழைவதற்கு முன்னரே கமராவைப் பொலித்தீன் பையிலிட்டு வாயை இறுகக் கட்டிவிட்டால் அந்த நீர் பையின் மேலே படிந்து போகும். இதையெல்லாம் செய்தவர்க்கு, பொழுது புலர்ந்ததும் மலையின் நிழல் மேற்கே பனிப்படலத்தின்மீது பெரியதொரு முக்கோணமாக விழுகின்ற காட்சி சில நிமிஷங்களுக்குக் கிடைக்கும். அதைச் செல்போனிலும் அழகாக எடுக்கலாம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் பாரத்துக்கும் ஈரத்துக்கும் பயந்து பெருங்கமராவை வீட்டில் விட்டுவரவேண்டும் என்று ஒரே விதியாகச் சொல்வதற்கு எனக்கு மனம் வராமைக்குக் காரணம், பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே உறங்குகின்ற ஓர் அம்மையார். 1815இல் கல்கத்தாவிலே பிறந்து, நாற்பத்தெட்டாவது வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கமராவைத் தொட்டு, டெனிசன், டார்வின் முதலிய மேதைகளின் முகங்களைப் படமாக்கி உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன், தமது அறுபதாவது வயதில், 1875இல், இங்கிலாந்தைவிட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், இந்நாட்டில் ராஜகாரியமென்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்த சீர்திருத்தங்களுக்கு ஆதாரமான கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவில் ஒருவர். மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களை உடையவர். புகையிரதம் அப்பொழுது நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. ஹட்டனுக்கு அது வந்தது 1884இல். அக்காலத்தில் நாவலப்பிட்டிக்கு அப்பால் மாட்டு வண்டியும் குதிரையும் காலும்தான்.

அவர் கைக்கொண்ட முறை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பதினைந்து அங்குலமும் பன்னிரண்டு அங்குலமுமான கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றிப் பரப்பி, இருட்டறையிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்கு முன் கமராவிலிட்டுப் படமெடுத்து, ஈரம் உலர்வதற்கு முன்னரே இருட்டறைக்குத் திரும்பி அதைக் கழுவித் தேற்றவேண்டும். தகடு உலர்ந்தால் படமில்லை; தண்ணீரில் அழுக்கிருந்தால் படமில்லை; கண்ணாடி வண்டியில் உடைந்தால் எதுவுமே இல்லை. அத்தனை கஷ்டத்தோடு அவர் இந்நாட்டில் எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சில. களுத்துறையில் எடுத்தவையும், தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்தி எடுத்தவையும் அவற்றுள் அடங்கும். டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் 1879ஆம் ஆண்டு தை மாதம் 26ஆம் திகதி அவர் காலமானார்.

இத்தனை துணிவும் பொறுமையும் உள்ள ஒருவரிடம் குறைகாண நான் துணியேன். ஆயினும் அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சிலே ஒரு வேதனை எழுகிறது. இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்கள் பலவற்றின் கீழே பெயர்கள் இருக்கின்றன. இங்கே உள்ளூர் மக்களை எடுத்தவற்றின் கீழே, குடியானவர் கூட்டம், பெண், சிறுமி என்பன போன்ற பொதுச்சொற்களே இருக்கின்றன. அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அவளுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் ஏதாவதொரு தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். அவர்கள் அந்தப் படத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்.

படம் என்பது எங்கள் மக்களுக்குப் பல காலம் அரசாங்கக் காரியமாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கிய பின்னர், 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் வேண்டுமென்று ஹட்டன் டவுனிலுள்ள ஸ்டூடியோவுக்கு முன்னே வரிசையாக நின்றவர்களில் என் அக்காளும் ஒருத்தி. இரவல் சேலை கட்டி, கண்ணைக் கொட்டாமல் விறைத்து நிற்கின்ற அந்த ஒரு படத்தைத் தவிர அவளுடைய இளமைக்கு வேறு சாட்சியில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தொடங்கப்பட்ட டான்டீ தோட்டத்திலே வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது முழங்கால் நோவினால் வீட்டைவிட்டு நகரமாட்டாள். பேரன் எடுத்துச் செல்லும் படங்களில்தான் அவள் தன் லயத்தை மறுபடியும் காணவேண்டும்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது இதுதான். புதிய கமராவை வைத்துவிட்டு, கல்லூரியில் படித்த காலத்தில் நீ வாங்கிய பழையதைக் கொண்டு வா. இருட்டிலும் அதன் பொத்தான்களை உன் விரல்கள் அறியும். மூன்று லட்சத்தை இலங்கைக் காசாக மாற்றினால் ஏறத்தாழப் பத்து லட்சம். எங்கள் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி 2021இல் பெற்ற ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கணக்கில் அது ஆயிரம் நாட் கொழுந்து. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்றால் நீயும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாய், அவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை தூறினால் பையைத் திறக்கமாட்டாய். திறக்காத கமராவைச் சுமப்பதிலும் செல்போன் மேலானது. ஆனால் நீ மாசியில் வருகிறாய், அப்போது காமன் கூத்து நடக்கும். இரதியும் மன்மதனும் ஆடுகின்ற இரவு வெளிச்சத்துக்குச் செல்போன் போதாது, ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸொன்று, விலை குறைந்ததாயினும் அகன்ற துவாரம் உள்ளது, கட்டாயம் வேண்டும். ஹோட்டன் சமவெளியில் மரையையும் பறவைகளையும் எடுப்பதே நோக்கமென்றால் உன் பெரிய கமராவையும் நீண்ட லென்ஸையும் கொண்டு வா என்றே சொல்லியிருப்பேன். அங்கே அதற்கு வேலை உண்டு.

விலையுயர்ந்ததைக் கொண்டுவந்தே தீரவேண்டியவர்கள் புறப்படும்போதே இந்திய விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அதை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருதித் தீர்வை கேட்கமாட்டார்கள். பிரயாணக் காப்புறுதியில் ஒரு தனிப்பொருளுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை வாசித்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அது கமராவின் விலையை எட்டாது. மேலதிக மின்கலங்கள் கைப்பையிலேயே வரவேண்டும். ட்ரோனுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நானுஓயாவுக்கு அப்பால் புகையிரதத்தின் கதவிலே தொங்கிக்கொண்டு படமெடுப்பதை மட்டும் எவரும் செய்யாதிருக்கவேண்டும். அவ்வாறு செய்து உயிரிழந்தவர்கள் உண்டு.

மாசியில் அவன் வந்தான், பழைய கமராவோடும் ஒரே லென்ஸோடும். அக்காளோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த ஓர் ஆச்சி அந்த லயத்தில் இன்னும் இருக்கிறார். அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. அவன் கமராவைப் பொலித்தீன் பைக்குள் விட்டு, லென்ஸுக்கு மாத்திரம் ஓட்டை வைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் குந்தினான். அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்து அமர்ந்தார். வேலையைவிட்டுப் பதினைந்து வருஷமாகியும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகள் கறுப்புக் கோடுகளாகவே இருந்தன. அடுத்த நாள் ஹட்டனில் இரண்டு பிரதிகள் அச்சிட்டுக் கொண்டுபோனோம். ஒன்றை அவரிடம் கொடுத்து, கூடலூருக்குப் போகின்ற மற்றதன் பின்புறத்தில் அவருடைய பெயரை அவன் எழுதத்தொடங்கினான். அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“பேரு மட்டும் போதாது ராசா. பத்தாம் நம்பர் மலைன்னும் எழுது. அவளுக்கு அப்பத்தான் வெளங்கும்.”