அணையாத விளக்கும் உடலின் கடிகாரமும்

“இரவில் விளக்கை அணைக்கலாமா?” என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. இக்கேள்வி உறக்கத்தைப் பற்றியது மட்டுமன்று. உடலின் ஹார்மோன் ஒழுங்கைப் பற்றியதும் ஆகும். ஆய்வக எலிகளைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

எலி இரவில் நடமாடும் உயிரினம். அதன் அட்ரீனல் சுரப்பியில் தோன்றும் கார்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோன், எலி சுறுசுறுப்படையும் அந்திப்பொழுதில் உச்சமடைந்து காலையில் தாழ்கிறது. மனிதரில் அதே பணியைச் செய்யும் கார்டிசால், காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்கிறது. கார்டிசால் பரிசோதனைக்குப் பெரும்பாலும் காலை 8 மணியளவில் இரத்தம் எடுப்பது இதனாலேயே. மெலடோனின் மட்டும் இரு உயிர்களிலும் இரவின் இருளில்தான் மிகுதியாகச் சுரக்கிறது.

இந்த ஏற்ற இறக்கங்களை நடத்துவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்த சிறு நரம்புச் செல் தொகுதி. எலிகளில் அதனை அழித்தபோது கார்டிகோஸ்டீரோனின் அன்றாட ஏற்ற இறக்கம் மறைந்ததை 1972ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர்.

எலிகளைத் தொடர்ந்து இருளில் வைத்தாலும் இக்கடிகாரம் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியைத் தானே காக்கிறது. இரவும் பகலும் ஒளியில் வைத்தால் நிலைமை வேறு. மெலடோனின் சுரப்பு ஒடுங்குகிறது. முதலில் அவற்றின் ‘நாள்’ 24 மணி நேரத்தைக் கடந்து நீள்கிறது. வாரங்கள் செல்லச்செல்ல ஓய்வும் நடமாட்டமும் ஹார்மோன் ஏற்ற இறக்கமும் ஒழுங்கிழக்கின்றன. 2005ஆம் ஆண்டில் சுண்டெலிகளில் நடந்த ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. கடிகாரச் செல்கள் நின்றுவிடவில்லை; ஒவ்வொன்றும் தன் போக்கில் இயங்கியதால் அவற்றின் ஒத்திசைவு குலைந்தது. ஒளியும் இருளும் மீண்டும் முறையாக மாறி வந்தால் ஒழுங்கும் திரும்புகிறது என்பது ஆறுதலான செய்தி.

எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் அவ்வாறே நேரும் என்று நாங்கள் கூறவில்லை. எனினும் இரவில் படும் வலுவான ஒளி மனிதரிலும் மெலடோனினைக் குறைக்கும் என்பது 1980ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே, உடனிருந்து கவனிப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

பகலில் திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள். இரவில் செவிலியரைக் கேட்ட பின்னரே தலைக்கு மேலுள்ள விளக்கை அணையுங்கள். சிகிச்சைக்கு ஒளி தேவைப்படுமாயின், கண்களை மறைக்கும் துணிப்பட்டை அணிவிக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் மட்டும் சிறு விளக்கு எரியட்டும். இருளில் தடுக்கி விழுவது பேராபத்து. மெலடோனின் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றித் தருதல் வேண்டா.